உபய ஜன்னல்கள்

நூலாங்கரட்டில் கொடுப்பது என்றால் மைக்கில் சொல்லிவிட்டுக் கொடுப்பதுதான். கல்யாண மொய்யானாலும், கோயிலுக்கு எழுதி வைக்கிற மின்விசிறியானாலும், சித்திரை வெயிலில் தண்ணீர்ப்பந்தலில் ஊற்றுகிற மோரானாலும், கொடுத்தவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் அவருடைய தறிக்கூடத்தின் பெயரும் ஒலிபெருக்கியில் முழங்கி, ஊருக்குப் பின்னாலிருக்கும் பாறைக் கரட்டில் முட்டித் திரும்பி வந்த பிறகுதான் கொடுத்தது கொடுத்ததாகும். சொல்லாமல் கொடுத்தவனை அந்த ஊரில் யாரும் நல்லவன் என்று சொன்னதில்லை. எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டு ஈடுகட்டுகிறான் என்றுதான் சொல்வார்கள். ஆகவே, தறி ஓட்டுகிற சென்னியப்பனின் மகள் தன்யஸ்ரீக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்து, ஊர்கூடி உதவுவது என்று முடிவானபோது, நண்பர்கள் நற்பணி மன்றத்தின் செயலாளர் குழந்தைவேலு முதல் வேலையாக மைக் செட்டுக்காரருக்குத்தான் ஆள் அனுப்பினார். அதில் யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. பெற்றவள் கோகிலவாணிக்கும் தெரியவில்லை.

கோகிலவாணி அர்த்தனாரி முதலாளியின் கூடத்தில் தார் சுற்றுகிறவள், அதாவது தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் போகிற நூல்கட்டைகளை மெஷினில் சுற்றிக் கொடுக்கிறவள். சென்னியப்பன் வேலை செய்வதும் அதே கூடத்தில்தான். அவர்களுக்கு இருந்தது ஓடு வேய்ந்த ஒற்றை அறை. கதவு உண்டு, ஜன்னல் கிடையாது. அந்த ஊர்க் காற்றில் எந்நேரமும் பஞ்சு பறந்துகொண்டே இருப்பதால், ஜன்னல் வைத்தவர்கள் வீட்டில் சோற்றிலும் பஞ்சு, குழம்பிலும் பஞ்சு. அதனால் அந்தத் தெருவில் ஏழைப்பட்டவர்கள் ஜன்னல் வைத்துக் கட்டுவதில்லை.

கூட்டம் நடந்த அன்று காலையில் குழந்தைவேலு வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மணி, மேடைக்கு வரும்போது காதுத் தோட்டைக் கழட்டி வெச்சுட்டு வா. சேலையும் கொஞ்சம் பழசாப் பாத்துக் கட்டிக்க."

"தோடு கவரிங்குதானுங்கண்ணா."

"கவரிங்குன்னு மைக்குலயா சொல்லிட்டு இருக்க முடியும்? சொன்னதைச் செய்யி."

கழற்றி வைத்துவிட்டுப் போனாள். மாரியம்மன் கோயில் திடலில் போட்ட மேடையில், துணியால் மூக்கையும் வாயையும் மூடிய மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர் சொல்லச் சொல்ல எழுந்து எழுந்து கும்பிட்டாள். அவள் கும்பிட்டது வேஷம் இல்லை. அந்தக் காசு இல்லாவிட்டால் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முதல் ஊசிகூடப் போட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பெயரும் காதில் விழும்போது கண்ணீர் வந்தது. கண்ணீர் வந்தபோது குழந்தைவேலு பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு வசந்தாமணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் கால் சுளுக்கிக் கூட்டத்துக்கு வராமல் இருந்தவள்.

"கோகிலா, பதறாத. மைக்குல ஒவ்வொரு பேராச் சொல்லச் சொல்ல உங்கூட்டுச் செவுத்துல ஒவ்வொரு சன்னலாத் தொறந்துச்சு. நானும் மொதல்ல கண்ணுதான் மங்கிப் போச்சோன்னு பாத்தேன். அர்த்தனாரி முதலாளி பேருக்குத்தான் பெருசா, தேக்குச் சட்டம் போட்டுத் தொறந்துருக்குது."

அப்படித்தான் இருந்தது. கிழக்குச் சுவரில் அர்த்தனாரியின் ஜன்னல், ஆள் உயரத்துக்கு, வழவழவென்று பாலிஷ் போட்டு. அதற்குப் பக்கத்தில் மகளிர் குழுவின் ஜன்னல், எல்லோரும் வரிசையாக நின்று பார்க்கத் தோதாக நீளமாக. மேற்கே பள்ளிக்கூடத்தின் ஜன்னல், பிள்ளைகள் எட்டும் உயரத்தில். கட்சிக்காரரின் ஜன்னலுக்கு மேலே ஒரு வளைவு. கொஞ்சமாகக் கொடுத்தவர்களுக்கு உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னதாய். ஒவ்வொன்றின் நெற்றியிலும் உபயம் என்று போட்டுக் கீழே பெயர், பிழையில்லாமல், நல்ல கையெழுத்தில். சுவர் என்று சொல்லிக்கொள்ள மூலைகளில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கூரை எதன்மேல் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அதுவும் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

சென்னியப்பன் ஒரு ஜன்னலைச் சாத்தப் போனான், முடியவில்லை. தாழ்ப்பாள், கொண்டி, கைப்பிடி எல்லாமே வெளிப்பக்கம் இருந்தன. வெளியே போய் இழுத்துப் பார்த்தான், அப்போதும் அசையவில்லை. படுதா கட்டினால் அவிழ்ந்து விழுந்தது. கொத்தனார் வந்து செங்கல் வைத்துப் பூசினால், பூச்சு காய்வதற்குள் கல் ஒவ்வொன்றாய் நழுவி, உடையாமல், தரையில் அழகாக அடுக்கிக்கொண்டது. கோகிலவாணியின் அக்கா வீட்டில் போய் இருந்து பார்த்தார்கள். அங்கேயும் சுவர் திறந்துகொள்ள, மாமன் கைகூப்பித் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஊர் இதைப் பார்த்து அதிசயப்பட்டதா என்றால், இல்லை. அம்மன் கண் திறந்தாள் என்று சொன்னால் ஒன்பது நாள் திருவிழா எடுக்கிற ஊர், இதற்கு ஒரு சூடம்கூடக் கொளுத்தவில்லை. கொடுத்தவனுக்குப் பார்க்க ஒரு வழி வேண்டாமா, இப்போதாவது கடவுளுக்குப் புத்தி வந்ததே என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரத்துக்குள் அது பழகிப்போய், சாயங்காலமானால் வேலை முடிந்து குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு அவரவர் ஜன்னலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவது ஊர் வழக்கமாகிவிட்டது. ஒறம்பரை என்கிற உறவுக்காரர்கள் வந்தால் கோயிலுக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால் ஜன்னலுக்குக் கூட்டிவந்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், "மாப்பிள்ளை வீட்டாருக்குச் சென்னியப்பன் வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது" என்று தரகர் சொன்னதாகவும் உண்டு. வெளியே பொரிகடலை விற்கிறவர் வண்டியை நிறுத்தினார். ஜன்னலடியில் நிற்கிறவர்களின் வியர்வைக்கு மன்றத்தார் ஒரு தகரப் பந்தல் போட்டார்கள், அதையும் மைக்கில் சொல்லிப் போட்டதால், பந்தலுக்கும் ஒரு ஜன்னல் திறந்தது.

டீக்கடை இப்ராகிம் கூட்டம் நடப்பதற்கு முன்பிருந்தே தினமும் காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு ஓட்டைகூடத் திறக்கவில்லை. "மைக்குல சொல்லலேன்னா சன்னல் இல்லை" என்று குழந்தைவேலு அதிலிருந்து கண்டுபிடித்துச் சொன்னார். இதைக் கேட்ட ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? மைக்கைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருக்க வேண்டும். இவர்கள் என்ன செய்தார்களென்றால், முதல் கூட்டத்தில் விட்டுப்போனவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி வரிசையில் வந்து நின்றார்கள். இப்ராகிமைப் பார்த்து, பாவம், விவரம் தெரியாத மனுஷன் என்று பரிதாபப்பட்டார்கள்.

பார்ப்பதோடு நின்றாலாவது பரவாயில்லை. பார்க்கிறவர்களுக்கு வாயும் இருந்தது.

முதல் சுற்று மருந்து ஏற்றி, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி வீடு வந்த குழந்தை, எதையும் தின்ன மாட்டாமல் கிடந்து, ஒருநாள் தானாகவே முட்டை கேட்டது. கோகிலவாணி ஓடிப்போய் முட்டை வாங்கிவந்து நன்றாக வேகவைத்து உரித்துக்கொண்டிருந்தபோது மகளிர் குழு ஜன்னலில் ஒரு குரல் கேட்டது: "முட்டையெல்லாம் பலமா இருக்குதே." அக்கா கொடுத்த சேலையைக் கட்டியபோது கட்சிக்காரர் வீட்டம்மா, "சேலை புதுசாட்ட இருக்குது" என்றாள். சென்னியப்பன் ஒரு தடவை ஏதோ நினைத்துச் சிரித்துவிட்டான். ஐந்தாறு ஜன்னல்களில் தலைகள் கூடி, இவனுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று விசாரணை வைத்தன. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் குழம்பு தாளிப்பதில்லை, வாசம் போகுமே. தலைக்குப் பூ வைப்பதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் தோளில் ஒருவர் கை வைப்பதில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட கோகிலவாணியால் ஒன்றைப் பொறுக்க முடியவில்லை. ஏழு வயதுக் குழந்தை தரையில் உட்கார்ந்து வண்ணப் பென்சிலால் மயில் வரைந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு ஜன்னலில் நிழல் தட்டியது. உடனே பென்சிலைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, படுத்து, கண்ணைப் பாதி மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டது. நிழல் "பாவம், பச்சைமண்ணு" என்று சொல்லிவிட்டு நகர்ந்த பிறகு எழுந்து மயிலுக்கு மறுபடி தோகை போட்டது.

"ஏஞ்சாமி அப்படிப் படுத்துக்கிட்ட?"

"எந்திரிச்சு உக்காந்திருந்தா, புள்ளைக்கு ஒண்ணுமில்லயாட்ட இருக்குதேன்னு சொல்றாங்கம்மா. அப்புறம் காசு குடுக்க மாட்டாங்க."

கோகிலவாணி அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள். அழுதால் அதையும் பார்ப்பார்கள் என்று அழவில்லை. சீக்குப் பிடித்த குழந்தையையே சீக்காளி மாதிரி நடிக்கப் பழக்கிவிட்ட ஊர் இது. இதைவிட ஒரு ஊரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

இரண்டாம் சுற்று மருந்துக்குப் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் ஓடினார்கள். காய்ச்சல் இறங்க வெகுநாள் பிடித்தது. இறங்கியதும் டாக்டரம்மா கோகிலவாணியை உட்காரவைத்துப் பேசினார். சின்ன வயசு டாக்டர், ஆனால் கறாரானவர்.

"ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லம்மா. வெள்ளணு எல்லாம் கீழ கெடக்கு. இன்னும் சில வாரத்துக்கு மூடின ரூம்ல வெச்சிருக்கணும். வெளி ஆளு வரக்கூடாது, தூசி வரக்கூடாது, ஒருத்தர் தும்மின காத்துகூட வரக்கூடாது. வீட்ல அப்படி ரூம் இருக்கா?"

"ரூமு இருக்குதுங்க. மூடத்தானுங்க முடியல."

"மூட முடியலைன்னா?"

கோகிலவாணி ஜன்னல்களைப் பற்றிச் சொன்னாள். டாக்டரம்மா அதிசயப்படவில்லை, இந்த வார்டுக்கு வருகிற பல வீடுகளில் இப்படி இருப்பதாகவும், சில வீடுகளில் கூரையே இல்லை என்றும் சொன்னார். "ஆனா இன்னொரு காய்ச்சல இந்தப் புள்ள தாங்காதும்மா. அதை நான் ஒளிச்சுச் சொல்ல விரும்பல. பெட்டுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, நாளைக்குச் சாயந்திரம் டிஸ்சார்ஜ் பண்ணித்தான் ஆகணும். அதுக்குள்ள மூடிட்டுச் சொல்லுங்க."

குழந்தையோடு சென்னியப்பனை விட்டுவிட்டுக் கோகிலவாணி மட்டும் அன்றைக்கே பஸ் ஏறினாள். ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டுத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். எல்லார் வீட்டிலும் ஆள் இருக்கிற நேரம் என்பதால், அவள் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் வீடுவீடாக ஏறினாள்.

முதலில் பள்ளிக்கூடத்துப் பங்கஜம் டீச்சர் வீடு. டீச்சர் விஷயத்தைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். தன் பெயர் போட்ட ஜன்னலை வெளியே நின்று இழுத்துச் சாத்தித் தாழ்போட்டார். தாழ் விழுந்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஜன்னல் போய் அங்கே சுவர் இருந்தது, சுண்ணாம்பு பூசிய பழைய சுவர். கொடுத்தவர் கையால் சாத்தினால் மூடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கோகிலவாணி சந்தோஷத்தில் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்தலடியில் நின்றிருந்தவர்கள், "டீச்சர் குடுத்ததெல்லாம் போச்சா, பேருகூட இல்லயே" என்று வருத்தப்பட்டார்கள்.

மற்றவர்கள் டீச்சர் மாதிரி இல்லை. மகளிர் குழுவில், ஆளுக்கு ஆள் பார்த்து, எல்லோரும் கூடித்தான் முடிவெடுக்க முடியும், கூட்டம் அடுத்த மாதம் என்றார்கள். கட்சிக்காரர், தான் சாத்தினால் எதிர்க்கட்சிக்காரன் ஜன்னல் மட்டும் நிற்கும், அது சரிப்படாது, முதலில் அவன் சாத்தட்டும் என்றார். எதிர்க்கட்சிக்காரரும் அதையே சொன்னார். கொஞ்சமாகக் கொடுத்தவர்கள், "பெரிய சன்னலெல்லாம் தொறந்து கெடக்கறப்ப எங்க பொட்டுச் சன்னல்லதானா கிருமி வரப்போகுது" என்றார்கள். அர்த்தனாரி முதலாளி ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு, கோபமே இல்லாமல், அதுதான் இன்னும் எரிச்சல், கோபமே இல்லாமல் சொன்னார்:

"அம்மணி, குடுத்தவன் ஒரு பார்வை பாத்தா என்ன கொறஞ்சு போகுது? நாங்க என்ன உள்ளயா வந்து உக்காந்துக்கறோம்?"

"என்ற புள்ள செத்துப் போயிருமுங்க."

"அப்படியெல்லாம் வாயில சொல்லாத. அம்மன் இருக்கறா. பூச்சாட்டு முடியட்டும், ஒறம்பரையெல்லாம் வந்திருக்கறாங்க, அவங்க பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

குழந்தைவேலு இன்னும் விவரமாகப் பேசினார். "இப்பச் சாத்தச் சொன்னீன்னா, மூணாஞ் சுத்து மருந்துக்கு எவன் குடுப்பான்? நாளைக்கு வேற புள்ளைக்குன்னு நான் எந்த மூஞ்சியோட போய்க் கேப்பேன்? சன்னல்தான் அம்மணி அவங்களுக்குத் திருப்தி."

அன்று அவள் தூங்கவில்லை. மறுநாள் காலையில் மாவிளக்கு எடுக்கிற நேரம், ஊரே கோயில் திடலில் கூடியிருந்தது. குழந்தைவேலு மைக்கில் உபயதாரர் பெயர்களை முழங்கிக்கொண்டிருந்தார். நடுவில் சோடா குடிக்க மைக்கைக் கீழே வைத்தார். கோகிலவாணி மேடையேறி அதை எடுத்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து எல்லோரும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

தான் சொல்லப் போவது சொல்லக்கூடாத ஒன்று என்று அவளுக்குத் தெரியும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது அவள் பிறந்த வீட்டில் கேவலம். ஆனால் சாயங்காலம் ஆட்டோவில் குழந்தை வந்து இறங்கும்.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க," என்றாள். "மன்றத்துக் குழந்தைவேல் அண்ணனோட பையன் கவின் பொறந்தப்ப, அவங்கம்மாவுக்குப் பாலு இல்லீங்க. என்ற தன்யா அப்பக் கைக்குழந்தை. இவளுக்கு ஒரு பக்கம், அந்தப் பையனுக்கு ஒரு பக்கம்னு பல் மொளைக்கற வரைக்கும் நாந்தானுங்க குடுத்தேன். தாய்ப்பால் அன்பளிப்பு, சென்னியப்பன் சம்சாரம் கோகிலவாணி."

பெயர் கரட்டில் முட்டித் திரும்பி வந்தது. திடலுக்கு எதிரே, வசதிக்காரர்கள் குடியிருக்கும் மேட்டுத் தெருவில், ஊரே பார்க்க, குழந்தைவேலுவின் மச்சு வீட்டுத் தெருச்சுவரில் சட்டென்று ஒரு ஜன்னல் திறந்தது. உபயம் கோகிலவாணி என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. உள்ளே குழந்தைவேலுவின் மாமனார் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு சோடாவோடு மைக்கைப் பிடுங்க வந்தார், கோகிலவாணி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"அர்த்தனாரி முதலாளியோட அம்மா இடுப்பு ஒடைஞ்சு கெடந்தாங்க. கூடத்து வேலை முடிஞ்சு தெனமும் போயி, தண்ணி வாத்து விட்டு, மலம் மூத்திரம் அள்ளுனேனுங்க. நம்ம கோகிலாதானேன்னு சொன்னாங்க, நானும் நம்ம முதலாளிதானேன்னுதான் செஞ்சேன். அதுவும் அன்பளிப்புதானுங்க. கோகிலவாணி."

அர்த்தனாரியின் பங்களாவுக்குக் காம்பவுண்டுச் சுவர் உண்டு, அதன்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும், வாசலில் நாய் இருக்கும். அது எதுவும் குறுக்கே நிற்கவில்லை. காம்பவுண்டையும் சேர்த்துத் துளைத்துக்கொண்டு, நேராகப் படுக்கையறைக்கே, பெரிய ஜன்னல் ஒன்று தெருவைப் பார்த்துத் திறந்தது.

அப்போதுதான் வசந்தாமணி மேடைக்கு ஏறினாள். "இங்க குடு கோகிலா அதை." கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் விடியவிடியப் பாத்திரம் கழுவியதைச் சொன்னாள். அவள் பின்னால் ஒருத்தி. அவள் பின்னால் தறிகாரர்கள், சாயப்பட்டறையில் கை வெந்தவர்கள், முதலாளி பையன் ஆக்ஸிடென்ட்டில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவன், எதிர்க்கட்சிக்காரர் மகள் ஓடிப்போனபோது யாருக்கும் தெரியாமல் கூட்டிவந்து விட்டவள். இத்தனை வருஷம் கொடுத்துவிட்டு, கொடுத்தோம் என்றே தோன்றாமல் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கியவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று தங்கள் பெயரைச் சொல்ல, மேட்டுத் தெரு முழுக்க ஜன்னல் ஜன்னலாகத் திறந்தது. பணம் எண்ணுகிற அறை, சண்டை போடுகிற அறை, சாமி அறை, குளியலறை எல்லாம் தெருவுக்கு வந்தன. பொரிகடலை வண்டி மேட்டுத் தெருவுக்கு நகர்ந்தது. மேட்டுத் தெருப் பெண்கள் மாவிளக்குத் தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் புடவையும் போர்வையுமாக வீட்டுக்கு ஓடினார்கள், படுதா கட்ட. படுதா அவிழ்ந்து விழுந்தது.

மத்தியானத்துக்குள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். "இது தர்மமா அம்மணி?" என்று குழந்தைவேலு கேட்டார். கண் கலங்கியிருந்தார், பாவமாகத்தான் இருந்தது.

"இல்லீங்கண்ணா, தர்மமில்ல. உங்க சன்னலைச் சாத்துங்க, அப்புறம் நாங்க எங்க சன்னலைச் சாத்தறோம்."

"ரெண்டையும் ஒண்ணாச் சாத்திக்கலாமே."

"என்ற புள்ள வீட்டுக்குள்ள போகட்டும். அப்புறந்தான்."

ஒவ்வொருவராக வந்தார்கள். முந்தின நாள் அடுத்த மாதம் கூட்டம் என்று சொன்ன மகளிர் குழு, ஒரு நிமிஷத்தில் கூடி முடிவெடுத்து, நீள ஜன்னலைச் சாத்திற்று. இரண்டு கட்சிக்காரர்களும், யார் முந்தி என்ற தகராறே இல்லாமல், ஒரே சமயத்தில் தாழ்போட்டார்கள். பொட்டு ஜன்னல்கள் படபடவென்று மூடின. தகரப் பந்தலைப் பிரித்தார்கள். சாயங்கால வெயில் இறங்குவதற்குள் சுவர் சுவராகி, அர்த்தனாரியின் தேக்கு ஜன்னல் ஒன்று மட்டும் பாக்கி நின்றது.

அவர் காரில் வந்தார். கொண்டியில் கை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே கோகிலவாணி டெட்டால் தண்ணீரில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பஞ்சு ஒட்டிய சேலையோடு, வேர்த்து வடிந்து.

"சாத்திடறேன்," என்றார் அவர். "எல்லாம் ஆகட்டும். பெரிய தொகை குடுத்தது நான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சாத்தறதுக்கு முன்னால நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிரு. மனசுக்கு நெறைவா இருக்கும்."

கோகிலவாணி துணியைப் பக்கெட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். மேடையில் எழுந்து எழுந்து கும்பிட்டது, ஒவ்வொரு நிழலுக்கும் தலை குனிந்தது, முட்டைக்கு, சேலைக்கு, சிரிப்புக்குப் பதில் சொன்னது, பாய்க்கடியில் தள்ளிய பென்சில், எல்லாம் நினைவுக்கு வந்தன.

"நன்றியெல்லாம் தீந்து போச்சுங்க," என்றாள். "சாத்துங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெருமுனையில் ஆட்டோச் சத்தம் கேட்டது. சாத்தினார்.

போர்வை சுற்றிய குழந்தையைச் சென்னியப்பன் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நான்கு சுவரும் தெரிகிற வீட்டைப் பார்த்து, குழந்தை இது யார் வீடு என்று கேட்டது. கோகிலவாணி கதவை வெளியிலிருந்து மெதுவாக இழுத்துச் சாத்தி, கைவைத்துத் தள்ளிப் பார்த்து, இடுக்கில் பஞ்சு நுழைகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, மேட்டுத் தெருவுக்கு நடந்தாள். முதலில் குழந்தைவேலு வீடு, பிறகு பங்களா. மேடையில் பெயர் சொன்ன மற்றவர்களும் தங்கள் தங்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். அவள் வருவதைப் பார்த்து ஊரே பின்னால் வந்தது. வசந்தாமணியும் வந்தாள், அன்று காலையில் படுதா கட்ட ஓடியவர்களும் வந்தார்கள். அவள் ஜன்னலைச் சாத்தப் போகிற கணத்தில் அவள் தோளுக்கு மேலாக எட்டி, அர்த்தனாரி முதலாளியின் படுக்கையறையில் என்னதான் இருக்கிறது என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

கோகிலவாணி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அவர்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இரண்டு கதவுகளையும் பின்னால் கைநீட்டித் தடவிப் பிடித்து, உள்ளே திரும்பாமலே இழுத்துச் சாத்தித் தாழ்போட்டாள்.

"உள்ள என்னடி இருந்துச்சு?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"பாக்கலக்கா."

நூலாங்கரட்டில் இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் அதை நம்பவில்லை.